யூதர் மரபில் இன்ப துன்பத் துதிகள்

யூத சமயத்தில் இறைவனைப் போற்றிக் கூறும் சிறு துதியுரை எபிரேய மொழியிற் 'பெராக்கா' எனப்படும். நாள்தோறும் ஓதப்படுவனவேயன்றிச் சிறப்பு வேளைகளுக்கென அமைந்தனவும் பல உள. இடியோசை கேட்குமிடத்தும் வானவில்லைக் காணுமிடத்தும் அவ்வவற்றிற்குரிய துதி உண்டு. பருவத்தின் முதற் கனியை உண்போரும் புத்தாடை புனைவோரும் 'ஷெஹெஹெயானு' என்பதனை ஓதுவர். உயிரளித்துக் காத்து அவ்வேளையை அடையச் செய்தமைக்கு நன்றி கூறுவது அது. 1948 மே 14 இல் ரெல் அவிவ் நகரில் இஸ்ரேல் அரசு பிரகடனஞ் செய்யப்பட்டபோதும் இதுவே ஓதப்பட்டது.

எனினும், இம்மரபின் உட்கிடையை நன்கு புலப்படுத்துவது துயர வேளைக்குரிய துதியேயாம். ஏறக்குறைய கி.பி. 200 இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூல், நன்மை வந்துழித் துதித்தல்போலவே தீமை வந்துழியும் இறைவனைத் துதித்தல் கடன் என விதிக்கின்றது. அதற்கமைய, உறவினரை இழந்தோர் இறைவனை உண்மை நீதிபதியெனப் போற்றுவர். தந்தை இறக்க மைந்தன் அவர் சொத்துக்கு உரியவனாயின், முதலில் இத்துதியையும், பின்னர் நன்மை பெற்றமைக்குரிய துதியையும் அவன் ஓதவேண்டுமென்பது தல்மூது கூறும் நெறி. இழப்பின் துயரும் பேற்றின் பயனும் ஒருங்கே வருமிடத்து, ஒன்றை மறைத்து மற்றொன்றை மாத்திரம் கூறாது, இரண்டையும் இறைவன் முன் உரைக்க இந்நெறி இடந்தருகின்றது.