கப்பலேறிய பாட்டனாரைத் தேடி

அதிராம்பட்டினத்து மரைக்காயர்கள் இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர் எனக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். அவர்களின் தடம் குடும்ப ஆவணங்களில் பதிந்திருக்கிறது.

நிக்காஹ் பதிவேடு: மணமக்கள், தகப்பனார், சாட்சிகளின் பெயர்கள், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் தொகை.

கிரயப் பத்திரம்: வாங்கியவர், விற்றவர், ஊர், நிலத்தின் எல்லைகள்.

அரபுத்தமிழ்க் கடிதம்: அரபு எழுத்தில் எழுதிய தமிழ். படிக்கத் தெரிந்த பெரியவர்களின் துணை வேண்டும்.

மீஸான் கல் (கல்லறைக் கல்): மறைந்த ஆண்டு ஹிஜ்ரியில் இருக்கலாம். ஹிஜ்ரி 1300, 1882 நவம்பரில் தொடங்கியது.

பயணச்சீட்டு, பாஸ்போர்ட்: நாகப்பட்டினத்திலிருந்து மலாயா சென்ற ‘ரஜூலா’ 1926இல் கட்டப்பட்ட கப்பல், அதற்கு முந்தைய பயணம் வேறு கப்பலில்தான்.

பாட்டன் பெயரே பேரனுக்கும் வரும். தகப்பனார் பெயரையும் ஆண்டையும் ஒப்பிட்டபின் உறுதிசெய்யுங்கள். பழைய தாள்களில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள்.