ஆற்றங்கரைப் பறவைகளும் எமது ஆரோக்கியமும்

"நடக்கச் சொல்லுறியள் டொக்டர், எங்கை நடக்கிறது? ஆரோடை நடக்கிறது?" எம்மிடம் வரும் வயதான அம்மா, அப்பாமாரில் பலர் கேட்கும் கேள்வி இது. பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் போனபின் வீட்டில் தொலைக்காட்சிதான் துணை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், நித்திரையின்மை, மனச்சோர்வு என்று மருந்துப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இவர்களுக்கு நாம் இப்போது சொல்லும் பதில், "பரமட்டா ஆற்றங்கரைக்குப் போய்ப் பறவை பாருங்கள்" என்பதுதான்.

சிட்னி நகரின் நடுவே ஓடினாலும் இது கடல்நீர் ஏறி இறங்கும் ஆறு. வற்று நேரத்தில் சேற்றுத் தரை வெளிப்படும். பறவைகள் அங்கே புழு, நண்டு தேடும். பெருக்கு நேரத்தில் அவற்றுட் பல ஹோம்புஷ் பைசென்டெனியல் பூங்காவின் நீர்ப்பறவைச் சரணாலயத்துக்கு இளைப்பாற வரும். கொன்கோர்ட் வெஸ்ட் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். யாழ்ப்பாணக் கடலேரியில் நாம் பார்த்த வெள்ளைக் கொக்குகளை இங்கும் காணலாம். கூழைக்கடாவும் உண்டு.

ஒரு பறவையின் பயணம்

செப்டெம்பர் முதல் மார்ச் வரை இங்கே காணக்கூடிய முக்கிய விருந்தாளி பட்டைவால் மூக்கன். நீண்ட, சற்று மேல்நோக்கி வளைந்த அலகு கொண்டது. அலாஸ்காவில் குஞ்சு பொரித்து இங்கு வருகிறது. 2022இல் ஐந்து மாத வயதுடைய ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியாவுக்கு ஏறத்தாழ 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்தது. புறப்படுமுன் சேர்த்த கொழுப்புத்தான் அதன் எரிபொருள். எமக்கோ சேர்ந்த கொழுப்பு வயிற்றிலேயே தங்கிவிடுகிறது!

உடலுக்கும் மனத்துக்கும்

வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நின்று பறவை பார்ப்பது இதில் சேராது. ஆகவே வேகமாக நடந்து போங்கள், ஆறுதலாக நின்று பாருங்கள், மீண்டும் வேகமாக நடந்து வாருங்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், பறவைகளைப் பார்த்தவர்களும் கேட்டவர்களும் கூடுதல் மனநலத்துடன் இருந்தனர்; அந்தப் பயன் எட்டு மணித்தியாலங்கள் வரை நீடித்தது. மனச்சோர்வு உள்ளவர்களிலும் இது காணப்பட்டது. ஆனால் பறவை பார்ப்பது மருந்துக்குப் பதிலாகாது. துக்கமும் நித்திரையின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் உங்கள் வைத்தியரிடம் மனந்திறந்து பேசுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கவனிக்க வேண்டியவை

• இன்சுலின் எடுப்பவர்கள் இனிப்பு ஏதாவது கையில் கொண்டுசெல்லுங்கள். பாதத்தை மூடிய சப்பாத்து அணியுங்கள்.

• கண்டல் மரங்களுக்கிடையில் நுளம்பு அதிகம். நுளம்பால் பரவும் ரொஸ் ரிவர் காய்ச்சல் மூட்டு நோவை நீண்டநாள் தரக்கூடியது. நீளக்கைச் சட்டையும் நுளம்பு விரட்டியும் அவசியம்.

• இறந்த பறவைகளைத் தொடவேண்டாம்.

• துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீன், இறால், நண்டை உண்ணவேண்டாம் என்பது அரச அறிவுரை. சேற்றில் டயொக்சின் நஞ்சு படிந்துள்ளது.

• பறவைகளைக் கலைக்கவேண்டாம். ஒவ்வொருமுறை எழும்பும்போதும் பயணத்துக்குச் சேர்த்த சக்தி வீணாகிறது.

வரும் ஞாயிறு பேரப்பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். பறவையின் ஆங்கிலப் பெயரைப் பிள்ளை சொல்லட்டும். தமிழ்ப் பெயரை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். "ஆரோடை நடக்கிறது?" என்ற கேள்விக்கு அதுவே விடை.