முகத்து வடுவும் லேசர் சிகிச்சையும்: மார்க்கமும் மருத்துவமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றில் ஜுமுஆத் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை நம்மருகே வந்து அமர்ந்தார். அவருடைய மகளுக்கு வயது இருபத்து மூன்று. பதின்பருவத்தில் வந்த முகப்பரு ஆறிவிட்டது. ஆயினும் இரு கன்னங்களிலும் குழிகளை விட்டுச் சென்றிருந்தது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பத்தாரும் பிறகு மறுமொழி சொல்லவேயில்லை. "ஹஜ்ரத், லேசர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகுமா? ஆகாது என்றால், நிகாஹுக்குள் முகம் பழையபடி ஆகிவிடுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது ஃபிக்ஹைச் சார்ந்தது. இரண்டாவது மருத்துவத்தைச் சார்ந்தது. முதலாவதற்கு நம் சட்ட அறிஞர்கள் தெளிவான விடை தந்திருக்கின்றனர். இரண்டாவதில்தான் மயக்கம் மிகுதி. பணத்தையும் மன அமைதியையும் குடும்பங்கள் இழப்பது அங்கேதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு நோக்குவோம்.

வடு பற்றிய பழைய கவலை

முகத்து வடு இன்றைய தலைமுறை கண்டுபிடித்த கவலை அன்று. நம் மாவட்டம் உருவானது 1974 ஜனவரி 14 அன்று. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது அதற்கடுத்த ஆண்டான 1975இல். உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அம்மை வடு நிறைந்த முகங்களை நம் இளமையில் வீதிதோறும் கண்டோம். இன்று அவை முதியோரிடம் மட்டுமே எஞ்சியுள்ளன. அவ்விடத்தில் இப்போது பருவின் குழிகளும், தீக்காயத்தின் தழும்புகளும், சாலை விபத்தின் கோடுகளும் நிற்கின்றன.

ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, அம்மை பற்றித் தனி நூலே இயற்றினார். அம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கியதோடு அவர் நிற்கவில்லை. நோய் நீங்கிய பின் எஞ்சும் வடுக்களை மங்கச் செய்யும் வழிகளையும் அந்நூலிலேயே எழுதினார். உடலில் தசை பிடித்தால் குழிகள் மேடேறும் என்பது அவர் சொன்ன யோசனைகளுள் ஒன்று. குழியை உள்ளிருந்து நிரப்ப வேண்டும் என்னும் அக்கருத்தை இன்றைய மருத்துவம் வேறு கருவி கொண்டு செய்ய முயல்கிறது.

படைப்பை மாற்றுவதா, பழுதை நீக்குவதா?

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. லேசர் சிகிச்சையை மறுப்போர் இதனையே சான்றாகக் காட்டுவர். ஆனால் இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழகை மட்டுமே நாடிச் செய்வதுதான் தடுக்கப்பட்டது என்றும், சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்கவோ செய்வதில் குற்றமில்லை என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இப்பிரிவினைக்கு இன்னொரு ஹதீஸ் துணை நிற்கிறது. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்களின் மூக்கு வெட்டுண்டது. வெள்ளியால் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. பொன்னால் செய்து வைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே ஒரு முகத்தின் சிதைவைச் சீராக்க அனுமதிக்கப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சார்ந்து ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடியபோது இதனை ஆராய்ந்தது. பிறவிக் குறையையும், நோய், தீ, விபத்து ஆகியவற்றால் பின்னர் நேர்ந்த குறையையும் சீராக்குவது கூடும் எனத் தீர்மானித்தது. அத்துடன் நிபந்தனைகளும் விதித்தது. தகுதியுடைய நிபுணரே செய்ய வேண்டும். நன்மையை விடத் தீங்கு மிகக்கூடாது. நேரக்கூடிய ஆபத்துகளையும் பக்கவிளைவுகளையும் மருத்துவர் முன்னரே விளக்கியிருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. இந்தக் கடைசி நிபந்தனையே நம் கட்டுரையின் மையம்.

லேசர் செய்வது என்ன?

வடு என்பது அழுக்கன்று, துடைத்தெடுக்க. தோலின் அடியடுக்கிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் சிதைந்து, ஒழுங்கற்று மீண்டும் பின்னப்பட்டதன் அடையாளமே அது. நார் குறைந்தால் குழி விழுகிறது, மிகுந்தால் மேடாகிறது. எனவே எவ்வகைச் சிகிச்சையும் அந்த நாரை மறுபடியும் பின்னச் செய்ய வேண்டும்.

கரியமில வாயு லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அவ்வொளியை நீர் மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். தோலின் உயிரணுக்கள் பெரும்பாலும் நீரால் ஆனவை. ஆதலால் ஒளிபட்ட இடம் நொடிப்பொழுதில் ஆவியாகிவிடுகிறது. 1990களில் முகத்தின் மேற்தோல் முழுவதையும் இவ்வாறு நீக்கினர். ஆறுவதற்கு நெடுநாள் பிடித்தது. நிற மாற்றமும் நேர்ந்தது. 2004இல் வெளிப்பட்ட புதிய முறை, ஒளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளாகப் பிரித்துச் செலுத்தியது. புள்ளிகளுக்கிடையே நலமான தோல் எஞ்சியிருப்பதால் அங்கிருந்தே புண் விரைவில் ஆறுகிறது. அடியில் புதிய கொலாஜன் வளர்கிறது. இன்று மருத்துவமனைகளில் 'ஃபிராக்ஷனல் லேசர்' என்று சொல்லப்படுவது இதுவே.

எதை எதிர்பார்க்கலாம்?

எல்லா வடுவும் ஒரே வகையன்று. குட்மன், பேரன் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2006இல் பரு வடுக்களை நான்கு நிலைகளாக வகுத்தனர். நிற மாற்றம் மட்டும் உள்ளது முதல் நிலை. ஐம்பது செண்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாதது இரண்டாம் நிலை. அத்தொலைவிலும் தெரிவது, ஆனால் தோலை விரலால் இழுத்தால் சமனாவது மூன்றாம் நிலை. இழுத்தாலும் சமனாகாதது நான்காம் நிலை. கண்ணாடி முன் நின்று இதனை எவரும் ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

அகன்ற, ஆழமற்ற குழிகள் லேசருக்கு ஓரளவு இணங்கும். ஊசி குத்தியது போன்ற குறுகிய, ஆழ்ந்த குழிகள் அவ்வளவாக இணங்கா. அவற்றுக்கு அமிலம் வைத்தலோ சிறு அறுவையோ துணைக்கு வேண்டும். அலை போலத் தாழ்ந்த வடுக்களில் அடியிலுள்ள நார்களை ஊசியால் அறுத்துவிடுவதும் உண்டு. வீங்கி வளரும் கீலாய்டு வகைக்கு ஊசி மருந்தே பெரும்பாலும் முதல் வழி. அதனைக் கரியமில வாயு லேசரால் மட்டும் நீக்கினால் மீண்டும் வளரக்கூடும்.

ஒரே அமர்வில் முடிவதும் இல்லை. நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படுவதே வழக்கம். கொலாஜன் மெல்ல வளர்வதால், இறுதி அமர்வுக்குப் பின் சில மாதங்கள் கழித்தே பயனை மதிப்பிட இயலும். அப்போதும் வடு குறையும், அழியாது. பாதியளவு சீரானாலே நல்ல பயன் என்று கொள்ள வேண்டும். "முகம் பழையபடி ஆகிவிடும்" என்று ஒருவர் உறுதி கூறினால், அவரைவிட்டு எழுந்து வருவதே அறிவுடைமை.

நம் மாநிறத் தோலுக்குத் தனி எச்சரிக்கை ஒன்றுண்டு. நிறமி மிகுந்த தோல் சூடு பட்டால் கருத்துவிடும் இயல்புடையது. குழி குறைந்து, அவ்விடத்தில் கரும்படலம் தோன்றினால் அது பல மாதங்கள் நீடிக்கும். ஆகவே ஒளியின் வலிமையைக் குறைத்துச் செலுத்துதலும் வெயிலைக் கண்டிப்பாகத் தவிர்த்தலும் இன்றியமையாதவை. பரு இன்னும் புதிதாக வந்துகொண்டிருந்தால் முதலில் அதனை அடக்க வேண்டும். கடைகளில் தாமே வாங்கிப் பூசும், ஸ்டீராய்டு கலந்த வெண்மைக் களிம்புகள் தோலை மெலியச் செய்து, பருவையும் பெருக்கும். தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா, நம் நிறத்தவருக்குச் செய்த அனுபவம் உண்டா, எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு என்பவற்றைக் கேட்டறிந்த பிறகே இசைய வேண்டும். அழகு நிலையத்தில் கருவி இருப்பது ஒன்றே தகுதியாகாது.

உளூவும் காலமும்

சிகிச்சைக்குப் பின் சில நாள் முகம் சிவந்து வீங்கி, பொருக்குத் தட்டும். தண்ணீர் படக்கூடாது என மருத்துவர் தடுத்திருக்கும் வரை, ஷாஃபிஈ மத்ஹபின்படி ஏனைய உறுப்புகளைக் கழுவி, காயப்பட்ட இடத்திற்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி காயத்தின் மீது ஈரக்கையால் தடவினால் போதும். அதுவும் தீங்கு தருமாயின் விட்டுவிடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் மென்மையாகக் கழுவ அனுமதி கிடைத்துவிடும். ஹஜ், உம்ரா போன்ற வெயில் மிகுந்த பயணங்களுக்குச் சற்று முன்னர் இச்சிகிச்சையைச் செய்துகொள்ளாதிருப்பது நலம். நிகாஹுக்கு ஒரு மாதம் முன்பு தொடங்குவது பெரும்பிழை. மணநாளன்று வடுவோடு சிவப்பும் சேர்ந்திருக்கும்.

திருமணமும் உண்மையும்

திருமணத்தை முறிக்கும் உரிமை தரும் குறைகளாக ஷாஃபிஈ நூல்கள் பைத்தியம், பெருநோய், வெண்குட்டம் முதலிய சிலவற்றையே எண்ணுகின்றன. முகத்து வடு அப்பட்டியலில் இல்லை. சட்டம் குறையென எண்ணாததை நம் சமுதாயம் குறையாக்கி வைத்திருக்கிறது. தோற்றத்தில் பொலிவற்றவராய்ச் சொல்லப்படும் ஜுலைபீப் (ரலி) அவர்களுக்குப் பெண் கேட்டவர்கள் நபி (ஸல்) அவர்களே என்பதைப் பெண் பார்க்கச் செல்வோர் நினைவில் வைக்க வேண்டும். மணமுடிக்க நாடிய முஃகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்களைப் பெண்ணை நேரில் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் இணக்கம் நிலைப்பதற்காகவே. ஆதலால் வடுவை ஒப்பனையால் மூடிக் காட்டுவதும் முறையன்று; வடுவைக் கண்டு வாய்மூடி எழுந்து போவதும் பண்பன்று.

அத்தந்தைக்கு நாம் சொன்னது இதுதான்: "பாய், செய்வது கூடும். ஆனால் குறையும், மறையாது. ஒரு வருடம் ஆகலாம். இதை நிகாஹ் தேதியோடு கட்டாதீர்கள்." பிறகு ஒன்று கேட்டோம்: "மகள் இதை விரும்புகிறாரா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. மகளிடம் அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை.

சில மாதங்களுக்குப் பின் வந்து விவரம் சொன்னார். மகள் விரும்பினாராம், ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்காகவன்றித் தமக்காகவே செய்துகொள்வதாகவும், படிப்பு முடிந்த பின்னரே தொடங்குவதாகவும் கூறிவிட்டாராம். வலியைத் தாங்கப்போவதும் அந்த முகத்தோடு வாழப்போவதும் அவரே. அவரிடம் உண்மையைச் சொல்லி, அவருடைய முடிவுக்கு விடுவதுதான் மருத்துவர், பெற்றோர், ஆலிம் ஆகிய மூவர் மீதும் உள்ள அமானிதம். அதனை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.