மன்னாரில் இரண்டு நாட்கள்

பழைய சிநேகிதரைக் காண விரும்புபவர் அவர் வீடு தேடிப் போவதே உலக வழக்கம். எங்கள் விஷயம் சற்று வேறானது. மன்னார்ப் பட்டினத்தில் ஒரே வகுப்பிலிருந்து படித்த மூவரில் ஒருவன் மட்டுமே இன்று அத்தீவில் வாழ்கிறான். பேசாலையைச் சேர்ந்த அவன் கருவாட்டு வியாபாரி. எருக்கலம்பிட்டியிற் பிறந்த மற்றவன் புத்தளத்தில் இருக்கிறான். நானோ கொழும்பில். வியாபார நிமித்தம் புத்தளம் சென்ற பேசாலை நண்பன், அங்கே சந்தையில் மற்றவனைத் தற்செயலாகக் கண்டு கட்டித் தழுவியதன் பயனாக, மூவரும் மன்னாரிலேயே ஒரு வார இறுதியைக் கழிப்பதென்று முடிவாயிற்று. கடந்த தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நான் கொழும்பில் பஸ் ஏறினேன்.

நள்ளிரவில் புத்தளத்தில் பஸ் நின்றபோது வெண்தாடியுடன் ஒரு மனிதர் ஏறி, ஒவ்வோர் ஆசனமாக உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முன் நின்று, பாடசாலையில் எனக்கிட்டிருந்த பட்டப்பெயரை மெல்லச் சொன்னார். முப்பது வருஷங்களுக்கு மேலாக அப்பெயரால் என்னை எவரும் அழைத்ததில்லை. அதன் பின்னர் மதவாச்சி வரைக்கும் பிள்ளைகளைப் பற்றியும், எங்களுக்கு வந்திருக்கும் நீரிழிவைப் பற்றியும் பேசினோம். பேசவேண்டிய விஷயத்தை மட்டும் இருவரும் தொடவில்லை.

பாலத்தைக் கடந்து

முருங்கனையும் வயல்வெளிகளையும் தாண்டித் தள்ளாடியை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமுடையது. 1990 இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக அமைக்கப்பட்ட புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. இருமருங்கும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நின்றன. மாரிகாலத்தில் வந்து தங்கும் இத்தகைய பறவைகளின் பொருட்டே, அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2010 இல் அங்கீகரிக்கப்பட்டது.

பாலத்தின் முடிவில் கோட்டை. 1560 இல் போர்த்துக்கேயர் கட்டிய இது, 1658 இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கடைவீதியில் கழுதைகள் பழையபடியே வழிமறித்து நின்றன. பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தைப் பார்க்கப் போனோம். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். ஆபிரிக்காவிற்குரிய இம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பது பரம்பரைச் செய்தி. சிறுவயதில் அதைச் சுற்றிக் கைகோத்து நிற்க எத்தனை பேர் வேண்டுமென்று நாங்கள் பந்தயம் கட்டுவதுண்டு. இப்போது மூவரும் அதன் நிழலில் அமர்ந்து மூச்சு வாங்கினோம்.

தலைமன்னார்த் துறையில்

பேசாலையில் நண்பனின் மனைவி நண்டுக்கறியும் சோறும் பரிமாறினார். உண்ட மயக்கம் தீரமுன் தலைமன்னாருக்குப் புறப்பட்டோம். இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய இடம் அது. 1914 முதல் சென்னையில் டிக்கட் வாங்கிய ஒருவர், தனுஷ்கோடி வரை புகைவண்டியிலும், அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைக் கப்பலிலும், மீண்டும் தலைமன்னாரிலிருந்து கொழும்பு வரை புகைவண்டியிலும் பிரயாணம் செய்யலாம். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் வந்தது. அதைத்தான் நாங்கள் சிறுவராக இத்துறையில் நின்று வேடிக்கை பார்த்தோம். 1980களில் அதுவும் நின்றது. போரினால் அழிந்த புகைவண்டிப் பாதை மட்டும் திருத்தப்பட்டு, 2015 இல் தலைமன்னார் வரை மீளத் திறக்கப்பட்டது.

"கப்பல் நின்றபின் இக்கடலை நாங்கள் எப்படிக் கடந்தோம் தெரியுமா?" என்றான் பேசாலை நண்பன். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது, இரவில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஏறியவன் அவன். மண்டபம் முகாமில் பல வருஷங்கள் இருந்து, 2003 இல் ஊர் திரும்பினான்.

"முகாமிலிருந்து உங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு கடிதம் எழுதினேன். வேறு விலாசம் தெரியாதபடியால் பழைய வீட்டு விலாசங்களையே எழுதினேன்," என்றான்.

அவ்விரு வீடுகளிலும் அப்போது எவரும் இருக்கவில்லை.

எருக்கலம்பிட்டிக் கரையில்

ஞாயிறு காலையில் எருக்கலம்பிட்டிக்குப் போனோம். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, 70,000க்கு மேற்பட்டோரை, சில நாட்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற்றினர். மன்னார்த் தீவினர் பலர் கடற்கரையில் காத்திருந்து, படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். 2009 இல் போர் முடிந்தபின் பல குடும்பங்கள் திரும்பின. ஆனால் புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் அங்கேயே அமைந்துவிட்டன. நண்பனின் தம்பி திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறான். நண்பனின் வளவிலோ, கிணறு மட்டும் இருக்கிறது. அவன் வாளியை இறக்கி நீர் மொண்டு, முதலில் எனக்கு ஊற்றினான்.

பின்பு கரைக்கு நடந்தோம்.

"இந்த இடத்தில்தான் படகுக்குக் காத்திருந்தோம்," என்றான்.

இத்தனை காலமும் நெஞ்சில் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்: "அன்று நான் ஊரில் இருந்தும் உன்னைப் பார்க்க வரவில்லை."

அவன் சற்றுநேரம் கடலைப் பார்த்தான். "வந்திருந்தால் உனக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா, மச்சான்? அதை நான் ஒருநாளும் மனத்தில் வைத்ததில்லை. ஆனால் நீ பிறகு கொழும்புக்குப் போய்விட்டாய். அங்கே தபாற்கந்தோர் இருந்ததுதானே? வாப்பா மௌத்தாகும் வரைக்கும் உன்னை விசாரித்துக்கொண்டே இருந்தார்."

அவனுடைய தந்தையார் கடைவீதியில் தையற்கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு தை மாதமும் தம் மகனுக்கு வெள்ளைக் காற்சட்டை தைக்கும்போது, எனக்கும் ஒன்று தைத்துத் தருவார். கூலி வாங்கமாட்டார். ஊர் முழுவதும் அஞ்சி நின்ற நாட்களில் ஒருவன் வாய்திறவாதிருந்ததற்குக் காரணம் சொல்லலாம். அச்சம் நீங்கிய பின்னும் கடிதம் எழுதாதிருந்ததற்கு நான் என்ன காரணம் சொல்வேன்? எழுதினால் அவன் என்ன கேட்பானோ என்ற கூச்சமே காரணம். அகதி முகாமில் இருந்தவன்கூட, ஆளில்லாத வீடுகளுக்குக் கடிதம் போட்டிருக்கிறான்.

நான் பதில் சொல்லவில்லை. அவனும் பதிலை எதிர்பார்க்கவில்லை. பேசாலை நண்பன் எங்கள் இருவர் தோளிலும் கைபோட்டு, "வெயில் ஏறுகிறது, நடவுங்கள்," என்றான்.

ஊர் என்பது வீடும் வளவும் மாத்திரமன்று என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அன்றுதான் விளங்கியது. தன் சொந்த ஊரில் விருந்தாளி போல இரண்டு நாள் நின்றவனுக்கு, அவனை அங்கே அறிந்த மனிதர் இருப்பதே ஊர். அம்மனிதரில் ஒருவனாக இருக்க நான் தவறிவிட்டேன். வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மனம் கூசுகிற இடத்துக்குத்தான் முதற்கடிதம் எழுதவேண்டும்.

மாலையில் மன்னாரில் பஸ் ஏறியபோது கொழும்புக்கென்றே டிக்கட் வாங்கினேன். ஆயினும் புத்தளத்தில் நண்பனோடு நானும் இறங்கிவிட்டேன். மையவாடிக்குக் காலையில் போகலாம் என்று அவன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். அவனுடைய உம்மா விழித்திருந்தார். பார்வை மங்கிவிட்டது, மகன் என் பெயரைச் சொன்னதும் கையை நீட்டி என் முகத்தைத் தடவினார்.

"இவ்வளவு காலமும் எங்கே மகன் இருந்தாய்?" என்று கேட்டார்.

பிறகு, நான் மறுமொழி சொல்லுமுன், எனக்குச் சோறு போடும்படி மருமகளிடம் சொன்னார்.