தாம்பரத்தில் இருந்து சைக்கிள் சவாரி: மிதிக்க மிதிக்க சரித்திரம்!

மலையைப் பார்க்க ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஓட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் தாம்பரத்தில் இருந்து சைக்கிளை எடுத்தால், டிபன் நேரத்துக்குள் மூன்று மலையூர்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

முதலில் பல்லாவரம். 1863-ம் ஆண்டு மே 30-ந்தேதி இங்குள்ள ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் புட் என்ற வெள்ளைக்காரர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது வெறும் கல் அல்ல. ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்கே அதுதான் பிள்ளையார் சுழி.

அடுத்தது திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் இங்கே நின்றும், இருந்தும், கிடந்தும், நடந்தும் காட்சி தருகிறார். மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கை ஆழ்வார் 6 மாதம் காத்திருந்து தரிசித்தாராம்!

அடையாற்றைத் தாண்டினால் குன்றத்தூர். பெரிய புராணம் தந்த சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன். மொத்தம் 84 படி. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறுங்க!

உஷார்!

வழியில் ஆபத்தும் உண்டு. லாரியும் பஸ்சும் உரசுகிற மாதிரிப் போகிற ரோடு. இருட்டோடு கிளம்புகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கும், தலைக்கு ஹெல்மெட்டும் இல்லாமல் போகக்கூடாது.

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பல்லாவரமும் திருநீர்மலையும் அதற்குள்தான். ரோட்டோரம் சைக்கிளுக்கு என்று ஒரு பாதை ஒதுக்கினால், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் பயமில்லாமல் மிதிப்பார்களே!