புற்றுநோய் முடிவைத் தெரிவித்தல்: மருத்துவ மாணவர்கள் நடித்துப் பழகுவது ஏன்?

திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானால், அதை நோயாளியிடம் எடுத்துரைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பாடநூலைப் படிப்பதால் மட்டும் இத்திறன் வருவதில்லை. எனவே மருத்துவ மாணவர்கள் இதனை நடித்துப் பழகுகின்றனர். ஒருவர் மருத்துவராகவும், ஒருவர் நோயாளியாகவும், மற்றொருவர் உறவினராகவும் நடிப்பர். ஏனையோர் கவனித்துக் கருத்துரைப்பர். பயிற்சி பெற்றவரை நோயாளியாக நடிக்கவைத்துக் கற்பிக்கும் முறையை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கினார். இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் திறன் ஆகியவற்றுக்கான பயிற்சி உண்டு.

தனியிடத்தில் அமர்ந்து பேசுதல், நோயாளி ஏற்கெனவே அறிந்திருப்பதையும் அறிய விரும்புவதையும் கேட்டல், எளிய சொற்களில் கூறுதல் ஆகியவை இதில் பயிற்றுவிக்கப்படுகின்றன. மாணவர்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது மௌனம்தான். "புற்றுநோய்" என்று சொன்னவுடன் பதற்றத்தில் சிகிச்சை விவரங்களை அடுக்கத் தொடங்கிவிடுவர். அதே மாணவர் நோயாளியின் நாற்காலியில் அமரும்போதுதான், அச்சொல்லுக்குப் பின் கூறப்படும் எதுவும் மனத்தில் பதிவதில்லை என்பதை உணர்கிறார்.

"அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்" என்று மகன் வேண்டும் காட்சியும் நடிக்கப்படுவதுண்டு. நம் குடும்பங்களில் இது அன்பினால் எழும் வேண்டுகோள். மாணவர் அதைக் கடிந்துகொள்ளக் கூடாது. மகன் எதற்கு அஞ்சுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். பின்னர் தாயிடம், "பரிசோதனை முடிவுகளை உங்களிடமே சொல்லட்டுமா, மகனிடம் பேசட்டுமா?" என வினவ வேண்டும். எவ்வளவு அறிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை தாய்க்கே உரியது. மறைத்தாலும், கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் ஒருவருக்கு நோய் இன்னதென்று புரியாமல் போவது அரிது. அப்போது அவர் தம் அச்சத்தைப் பகிர ஆளின்றித் தனித்துவிடுகிறார்.

மாணவர்கள் கற்கும் இவற்றை நீங்களும் மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். முடிவு கேட்கச் செல்லும்போது நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவாயினும், தனியே பேச இயலுமா எனக் கேளுங்கள். புரியாததை மீண்டும் சொல்லச் சொல்லுங்கள். எழுதித் தரவும் கேளுங்கள். "நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையா, கட்டுக்குள் வைக்கும் சிகிச்சையா?" என்ற கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். நோய் எந்த நிலையில் உள்ளது என்பதை அறியப் பெரும்பாலும் ஸ்கேன் போன்ற மேலும் சில பரிசோதனைகள் தேவைப்படும். ஆகவே "இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைக்காவிட்டால், மருத்துவர் எதையோ மறைக்கிறார் என எண்ண வேண்டாம்.

அவ்வுரையாடலின்போது மருத்துவ மாணவர்கள் உடனிருப்பதை நீங்கள் விரும்பாவிட்டால், மருத்துவரிடம் கூறலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் எவ்விதக் குறையும் ஏற்படக் கூடாது.