நடுவரும் களத்துக்கு வெளியே நிற்பவரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் வாழும் தமிழ் மக்களுக்குக் கால்பந்து புதிதன்று. மூணாற்றில் தேயிலைத் தோட்ட அணிகள் ஃபின்லே கேடயத்துக்காக மோதுவதைக் காணத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு திரளுவர். பாலக்காட்டுப் பகுதியிலோ, அணிக்கு எழுவராக ஆடும் ‘செவன்ஸ்’ ஆட்டம் ஊரையே இரவில் விழித்திருக்கச் செய்யும். இத்தகைய மைதானங்களில் பந்தை உதைப்பவரைவிடக் கோட்டுக்கு வெளியே நிற்பவரே மிகுதியாகக் கூச்சலிடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். முறை தவறிய ஆட்டக்காரரை நடுவர் வெளியேற்றலாம். இது யாவரும் அறிந்ததே. ஆடாத பயிற்சியாளரையும் நிர்வாகியையும் அவர் என்ன செய்ய இயலும்?

இவ்வினாவுக்குப் பழமையான விடை அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தில் கிடைக்கிறது. அங்கே ஆட்டக்காரர் மட்டுமன்றி, மேலாளரும் பயிற்சியாளரும்கூட நடுவரின் தீர்ப்பை மறுத்து வாதிட்டால் வெளியேற்றப்படுவர். ஆயினும் அவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. பந்து சரியான எல்லைக்குள் வந்ததா, ஓடியவர் உரிய நேரத்தில் சேர்ந்தாரா என்பன போன்று கண்ணால் கண்டு தீர்மானிப்பவற்றில் நெடுங்காலம் நடுவரின் சொல்லே முடிவாயிருந்தது. விதியையே அவர் தவறாகப் பொருத்தினார் என்றால் மட்டும் மேலாளர் முறையிட முடிந்தது. தம் ஆட்டக்காரர் சினந்து வெளியேற்றப்படாதிருக்கும் பொருட்டு, இடையிற் புகுந்து அத்தண்டனையைத் தாமே ஏற்கும் மேலாளரும் உண்டு. அட்லாண்டா அணியின் மேலாளராக நெடுங்காலம் விளங்கிய பாபி காக்ஸ் 150 தடவைக்கு மேல் வெளியேற்றப்பட்டவர்.

கால்பந்திலும் பொறுப்பின்றி நடக்கும் அணி அலுவலரை வெளியேற்றும் அதிகாரம் நடுவருக்கு முன்பே இருந்தது. ஆனால் மஞ்சள், சிவப்பு அட்டைகளை அவர்களுக்கும் காட்டலாம் என்னும் விதி 2019ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. சொல்லாலோ செயலாலோ தீர்ப்பை எதிர்த்தால் மஞ்சள் அட்டை. களத்துக்குள் புகுந்து நடுவரை எதிர்கொண்டால் சிவப்பு அட்டை. குற்றம் செய்தவர் இன்னார் என்று தெரியாவிடில், அங்குள்ள மூத்த பயிற்சியாளரே அத்தண்டனையை ஏற்க வேண்டும். கடுமையான இவ்விதியிலும் ஓர் ஈரம் இருக்கிறது. தவறு செய்தவர் அணியின் மருத்துவராயிருந்து, அவரையன்றி வேறு மருத்துவர் இல்லையெனில், அவர் அங்கேயே தங்கிக் காயமுற்றவருக்குச் சிகிச்சை அளிக்கலாம்.

நம் நாட்டு நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறலாம். 2022 ஏப்ரல் 22 அன்று மும்பையில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில், ஒரு பந்தை ‘நோ பால்’ என அறிவிக்கவில்லையென்று டெல்லி அணியின் உதவிப் பயிற்சியாளர் பிரவீன் ஆம்ரே களத்துக்குள் ஓடினார். ஆட்ட ஊதியம் முழுவதும் அபராதமாயிற்று. ஓர் ஆட்டத்துக்குத் தடையும் விதிக்கப்பட்டது.

மற்றொன்று கேரள ரசிகர்கள் மறக்கவியலாதது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரள பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்பு வரிசை அமைத்து முடிக்குமுன் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் அதனை ஏற்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியையே களத்திலிருந்து அழைத்துச் சென்றுவிட்டார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும், அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனால் உண்மையான இழப்பு பணமன்று. எஞ்சியிருந்த இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட நேரத்தில் கோலைச் சமன் செய்திருக்கக் கூடிய வாய்ப்பு ஆட்டக்காரரிடமிருந்து பறிபோயிற்று.

நடுவரும் மனிதரே, அவர் பிழை செய்யலாம். பிழையெனத் தோன்றுவதை ஆட்டம் முடிந்தபின் எழுத்து மூலம் முறையிட வழியுண்டு. ஆனால் ஆட்டத்தின் நடுவே குரல் வலுத்தவரே தீர்ப்பை மாற்றலாம் என்றாகிவிட்டால், எளிய அணிக்கு நீதி கிடைக்குமா? பெரிய அணியின் ஆரவாரத்திலிருந்து சிறிய அணியைக் காக்கவே அந்த அட்டை நடுவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அடுத்த முறை மைதானத்தில் கோட்டருகே நிற்கும்போது, நாமும் இதனை நினைவிற் கொள்வோமாக.